சிசி போன பிறகு

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை சிசி எங்கள் பாலர் பள்ளி வேலையை விட்டுப் போனார். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மத்தியானம் எல்லாரும் மெத்தையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, என் மடியில் வைத்தார். "திங்கக்கிழமை யாராவது மெத்தையை நனைச்சா உடனே வெயில்ல போட்டுடு, சாயங்காலம் வரைக்கும் விடாதே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் சிசி என்றால் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. ஏழு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். இருவரும் பேசுவது ஆங்கிலமும் சூலுவும் கலந்த ஒரு பேச்சு. இங்கே தமிழில் எழுதுகிறேன். இப்போது அவர் டர்பனை ஒட்டிய உம்லாசியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறார். எங்கள் இடத்தில் அவருக்கு மாதம் 3,600 ராண்ட். அதிலும் தினம் போக இரண்டு டாக்சி, வர இரண்டு டாக்சி. டாக்சி என்றால் இங்கே பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன். சூப்பர் மார்க்கெட்டில் சட்டப்படியான மணிக்கூலி, சம்பளச் சீட்டு, யூ.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதி எல்லாம் உண்டு. நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்தவள். 2009-இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தேன். வீடு சாட்ஸ்வர்த்தில். 2014-இலிருந்து ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லாரும் கிரெஷ் என்பார்கள். ஊரிலிருந்து யாராவது போனில் பேசினால், "சின்னப் பிள்ளைங்களோட விளையாட்டுதானே, கொடுத்து வச்சவ" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பதினோரு வருஷமாக அதைக் கேட்டுக்கேட்டு, ஒருநாள் உட்கார்ந்து முழுதாக எழுதிவிட வேண்டும் என்று மனசில் இருந்தது. சிசி போன பிறகு அது தள்ளிப்போட முடியாததாகிவிட்டது.

எங்கள் கிரெஷ் ஒரு வீட்டோடு ஒட்டிய கார் ஷெட். சாட்ஸ்வர்த்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேடும் பள்ளமுமாக மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறுகலான வீடுகள். இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் வருஷத்துக் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, 1960-களில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் இது. என் மாமியார் அப்படி வந்தவர்களில் ஒருத்தி. அப்படிக் கட்டிய வீடுகளில் அவரவர் பிறகு ஷெட்டை இழுத்துக் கட்டினார்கள், மாடி போட்டார்கள். அந்த ஷெட்டில்தான் இன்று 46 பிள்ளைகள் மூன்று பிரிவாக இருக்கிறார்கள். என் பிரிவில் இரண்டரையிலிருந்து நாலு வயது வரைக்கும் 21 பேர். பாதிப் பேர் எங்கள் தெருக்களின் பிள்ளைகள். பாட்டியை "ஆயா" என்று கூப்பிடும், தமிழில் அதற்குமேல் நாலைந்து சொல் தெரிந்த பிள்ளைகள். மீதிப் பேர் சூலுப் பிள்ளைகள்.

சட்டம் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை 12 பேருக்கு ஒரு ஆள் என்கிறது. மூன்று, நாலு வயதென்றால் 20 பேருக்கு ஒரு ஆள். என் அறையில் இரண்டு வயதும் கலந்திருக்கிறது. சிசி இருந்தவரை எங்கள் கணக்கு சரியாக இருந்தது. இப்போது நான் ஒருத்திதான்.

ஒருத்தி என்றால் என்ன என்று சொல்கிறேன். காலை 6.45-க்கு முதல் பிள்ளை வந்துவிடும். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ஏழு மணி ஷிஃப்ட். அந்த நேரத்திலிருந்து சமையல்கார அக்கா பத்தரைக்கு வந்து ஐந்து நிமிஷம் நிற்கும்வரை நான் டாய்லெட் போக முடியாது. காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். சிறுநீர்த் தொற்றுக்கு இந்த வருஷத்தில் இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டாயிற்று. இந்த வேலையில் இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே கதைதான். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வெளியே சொல்வதில்லை. இடுப்பு வலி இன்னொன்று. அறையில் பெரியவர்கள் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. ஒரு முழ உயரச் சின்ன நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பதினோரு வருஷம். பதினாலு கிலோப் பிள்ளையை நாப்பி மாற்றத் தூக்குவதும் தினம் பத்துப் பன்னிரண்டு தடவை.

இதெல்லாம் உடம்பு. தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை வருஷம் தாங்கினேன். மனசு உடைந்தது வேறு ஒரு நாள்.

சிசி போன இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. ஒரு பெண்பிள்ளை காலைக் கஞ்சியை வாந்தி எடுத்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். மூஞ்சியைக் கழுவி, சட்டை மாற்றித் திரும்ப நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அறைக்குள் ஓர் அலறல். மூன்று வயதுப் பையன் ஒருவன் இரண்டரை வயதுக் குழந்தையின் முன்கையைக் கடித்து வைத்திருந்தான். ரத்தம் வரவில்லை. ஆனால் மேலே நாலு பல், கீழே நாலு பல் என்று எட்டும் தனித்தனியாகப் பதிந்து, ஊதா நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. துணியில் ஐஸ் சுற்றி வைத்துக்கொண்டே இன்னொரு கையால் சம்பவப் பதிவேட்டில் எழுதினேன்: நேரம், இடம், யார், எப்படி. "ஆசிரியர் எங்கே இருந்தார்" என்று ஒரு கட்டம். அதில் "குழாயடியில்" என்று எழுதினேன்.

சாயங்காலம் அந்தக் குழந்தையின் அம்மா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கத்தவில்லை. "டீச்சர், நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானது. நானே அந்தக் குழந்தையின் தாயாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கடித்த பையனும் கெட்டவன் இல்லை. அவனுக்குப் பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. கையிலிருந்த காரைப் பிடுங்கினால் பல்தான் அவன் வாய்ப்பேச்சு. பக்கத்தில் ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து, "கொடு என்று கேள்" என்று சொல்லிக்கொடுத்திருந்தால் கடித்திருக்க மாட்டான். அப்படிச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. எனக்குத் தெரிந்த அந்த வேலையைச் செய்ய முடியாமல் குழாயடியில் நின்றேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வேலையில் திருப்தி இருக்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் கட்டிக்கொள்வதையும் முத்தம் கொடுப்பதையும் நினைத்துத்தான் கேட்கிறார்கள். பிள்ளைகள் கட்டிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். மிக மோசமான நாளிலும் கட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் திருப்தி அதில் இல்லை. எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஷெட்டிலிருந்து பின்முற்றத்துக்கு இறங்க மூன்று படி. சிமெண்டுப் படி, நடுப்படியில் ஓரம் உடைந்திருக்கும். பிள்ளைகள் இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்குவது எங்கள் வழக்கம். ஒரு நாள் ஆங்கிலத்தில், ஒரு நாள் நான் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு நாள் சிசி குன்யே, குபிலி, குதாது. போன வருஷம் ஒரு பையன் வந்தான். மூன்று வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. காது கேட்கிறது, சொன்னால் புரிகிறது, பேச்சு மட்டும் இல்லை. அம்மா ஜோகன்னஸ்பர்கில் வேலை, ஆயாவோடு இருக்கிறான். படியில் எல்லாரும் இறங்கி ஓடிய பிறகு கடைசியாக அவன் மட்டும் மேல்படியில் உட்கார்ந்துவிடுவான். சிசி மற்றவர்களோடு முற்றத்துக்குப் போவார். நான் அவனோடு படியில் உட்காருவேன். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் இருபது நிமிஷம். அவசரப்படுத்துவதில்லை. ஒவ்வொரு படியாகக் கையை வைத்துச் சொல்வேன். அவன் என் வாயைப் பார்ப்பான். எழுந்து இறங்கிப் போய்விடுவான். பிப்ரவரியில் ஆரம்பித்தது இது.

ஜூன் மாதம், பள்ளிக் குளிர்கால விடுமுறைக்கு முன்னால், ஒரு நாள் நான் "ஒன்று" என்று முதல் படியைத் தொட்டேன், "இரண்டு" என்று உடைந்த படியைத் தொட்டேன். அவன் தன் உள்ளங்கையைக் கடைசிப் படியில் வைத்து, "தாது" என்றான்.

குதாது. சூலுவில் மூன்று. நான் தமிழில் எண்ண, அவன் சிசியின் மொழியில் முடித்தான். முற்றத்திலிருந்து சிசிக்குக் கேட்டுவிட்டது. கையிலிருந்த பந்தைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எங்கள் இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. பையன் எங்களைக் கண்டுகொள்ளாமல் மணல்தொட்டிக்குப் போனான். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறான்.

என் பதினோரு வருஷத்தில் அதைப்போல நாலைந்து நாள் சொல்வேன். அந்த நாலைந்து நாளும் எப்படி வாய்த்தன என்று யோசித்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அறையில் இரண்டாவது ஆள் இருந்திருக்கிறார். ஐந்து மாதம் தினம் பதினைந்து நிமிஷம் ஒரே ஒரு பிள்ளையோடு படியில் உட்கார்ந்திருக்க, மீதி இருபது பேரைப் பார்க்க ஒருவர் வேண்டும். இப்போது அப்படியொரு பையன் வந்தால் கையைப் பிடித்து இறக்கி விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டாம்.

2022-இல் 'த்ரைவ் பை ஃபைவ்' என்று நாடு முழுக்க எடுத்த ஓர் ஆய்வு வெளியானது. பாலர் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளிலேயே 57 சதவீதம் பேர் வயசுக்கு எதிர்பார்க்கும் வளர்ச்சியை எட்டவில்லை என்றது. செய்தி வந்த வாரம் வாசலில் விட வந்த அப்பா ஒருவர், "அப்ப நீங்கள்லாம் என்னதான் சொல்லிக்கொடுக்கறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. பூஜ்ஜியத்திலிருந்து நாலு வயது வரைக்கும் ஒரு பாடத்திட்டச் சட்டகமே 2015-இல் வந்துவிட்டது, நல்ல புத்தகம், என்னிடம் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிய பிரதி இருக்கிறது. படிக்க எனக்குக் கிடைக்கும் நேரம் ராத்திரி பத்து மணிக்குமேல். நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கவும், அட்டை வெட்டவும், பாட்டில் மூடி சேர்க்கவும், பிள்ளைகள் இல்லாத ஒரு மணி நேரம் யாரும் எங்களுக்குச் சம்பளத்தோடு தந்ததில்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன பயன். 2014-இல் 2,200 ராண்டில் சேர்ந்தேன். இந்திய பி.எஸ்ஸி. பட்டத்தை, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அமைப்பான சாக்வாவில் கொடுத்து மதிப்பீடு வாங்கினேன். பாலர் கல்விக்கு அது உதவவில்லை. சனிக்கிழமைகளில் போய், சொந்தக் காசு கட்டி, ஒன்றரை வருஷத்தில் நாலாம் நிலைச் சான்றிதழ் முடித்தேன். அதற்கு 300 ராண்ட் ஏறியது. இன்று 4,700. நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. 6.45-இலிருந்து 4.30 வரை, முக்கால் மணி இடைவேளை என்று காகிதத்தில் கழித்துவிட்டாலும் ஒன்பது மணி நேரம். மாதம் 21 நாள் என்று வைத்தால் அந்தக் கூலியிலேயே 5,440 வந்திருக்க வேண்டும். சான்றிதழ் எதுவுமே இல்லாதவருக்குச் சேர வேண்டிய தொகை அது. இதில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை கிரெஷ் மூடியிருக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஜனவரி முடிவில் பாதிச் சம்பளம்தான் கைக்கு வரும். அதே மாதம்தான் என் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம், நோட்டு, பள்ளிக் கட்டணம்.

கொரோனா வந்தபோது நிலைமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடினோம். தொழிலாளிகளுக்கு யூ.ஐ.எஃப். வழியாக நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதற்கு முதலாளி ஒரு சதவீதம், நாம் ஒரு சதவீதம் என்று மாதாமாதம் கட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் கட்டியிருக்கவில்லை. எனக்கு வீட்டில் கணவர் சம்பளம் இருந்தது. சிசி அந்த நாட்களில் உம்லாசியில் தெருமுனையில் வெட்கூக், அதாவது எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, விற்றார். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் நாள்கணக்கில் குழாயில் தண்ணீர் வராதபோது, இரண்டு டாக்சியிலும் ஐந்து லிட்டர் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். பிள்ளைகளின் கையைக் கழுவ.

எங்கள் முதலாளியம்மாவைத் திட்டி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு வயது 63. எல்லாரும் ஆன்ட்டி என்போம். மாதக் கட்டணம் 950 ராண்ட். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் 43,700. கைக்கு வருவது முப்பத்துமூன்றாயிரத்தைத் தாண்டாது. வேலை போன அப்பா, இறந்துபோன அம்மா, ஓய்வூதியத்தில் பேரனை வளர்க்கும் ஆயா, இவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள ஆன்ட்டிக்கு மனசு வராது. அந்த இரக்கத்துக்கான பணம் எங்கள் சம்பளத்திலிருந்து போகிறது என்பதைத்தான் அவரிடம் சொல்ல நாங்கள் இத்தனை வருஷம் தயங்கினோம்.

அரசு உதவித்தொகை 2019-இலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்டாகவே நின்றது. ரொட்டி விலை அப்படியா நின்றது? 2025 பட்ஜெட்டில் அதை 24 ஆக்கினார்கள். பதிவு இருந்தால்தான் கிடைக்கும். பதிவுக்கு வரைபடம், தீயணைப்பு, சுகாதாரம், கழிப்பறை எண்ணிக்கை என்று வரிசை. இழுத்துக் கட்டிய ஷெட்டுக்கு மாநகராட்சி ஒப்புதல் வரைபடம் எங்கிருந்து வரும்? 2021-இல் கணக்கெடுத்தபோது நாட்டில் 42,000-க்கும் மேற்பட்ட பாலர் பள்ளிகள் இருந்தன. பாதிக்கு மேல் எங்களைப்போலப் பதிவில்லாதவை. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு எங்களை மாற்றினார்கள். 2025-இல் 'பனா பேலே' என்று பதிவு இயக்கம் தொடங்கி, அடிப்படைப் பாதுகாப்பு இருந்தாலே வெண்கல நிலைப் பதிவு என்று வழி திறந்தார்கள். இதை மனதார வரவேற்கிறேன். ஆன்ட்டிக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். தகுதியுள்ள 20 பிள்ளைகளுக்குக் கிடைத்தால்கூட 22 நாளுக்கு 10,560 ராண்ட். சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தில் அறைக்கு ஓர் இரண்டாவது ஆள் வைக்கலாம். ஆறு மாதமாகக் காத்திருக்கிறோம்.

2024 செப்டம்பரில் கையெழுத்தான பேலா என்ற பள்ளிக் கல்விச் சட்டம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருஷமான கிரேடு ஆரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். எங்களிடம் நாப்பி வயதுப் பிள்ளைகள் மிஞ்சுவார்கள். அவர்களுக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும், கட்டணமோ அதேதான். ஆன்ட்டிக்கு ராத்திரித் தூக்கம் போனது இதனால்தான்.

என் மாமியார் ஒரு கதை சொல்வார். 1860 நவம்பர் 16-இல், இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அவர் குடும்பம் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால், மௌன்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்துக்கு. மாமியாரின் ஆயாவுக்குக் கண் மங்கிக் கரும்பு வெட்ட முடியாமல் போனதும், லைனில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், இருந்த பிள்ளைகளையெல்லாம் அவரிடம் விட்டுவிட்டு மற்ற பெண்கள் வயலுக்குப் போவார்களாம். பதினைந்து இருபது பிள்ளைகள், ஒரு கிழவி, ஒரு மாமரம். கூலி என்று ஒன்று இல்லை. சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து முறத்தில் போடுவார்களாம். மாமியார் பெருமையோடு சொல்வார். எனக்கு இப்போதெல்லாம் கேட்கும்போது அந்த முறம்தான் கண்ணில் நிற்கிறது.

போன வியாழக்கிழமை பிள்ளைகள் போன பிறகு ஆன்ட்டியிடம் உட்கார்ந்து பேசினேன். பட்டமளிப்பு விழாவுக்காகக் கறுப்பு அங்கிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அங்கியும் குல்லாவும் மாட்டி வருஷ முடிவில் செய்யும் விழா அது. இரண்டு விஷயம் கேட்டேன். ஜனவரியில் திறக்கும்போது என் அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும். மூடியிருக்கும் நாட்களுக்கும் சம்பளம் வேண்டும். இல்லாவிட்டால் 21 பிள்ளைகளை நான் ஏற்க மாட்டேன், 12 பேரோடு நிறுத்திக்கொள்வேன்.

"காசு இல்லேம்மா" என்றார். ஆங்கிலத்துக்கு நடுவே அவர் பேசும் தமிழ் எப்போதும் அவ்வளவுதான். "தெரியும் ஆன்ட்டி. கணக்கைக் கொண்டாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். அவர் கணக்கு நோட்டை எனக்குக் காட்டியது இதுவே முதல் தடவை. இரண்டு மணி நேரம் பார்த்தோம். கட்டணத்தில் 60 ராண்ட் ஏற்றுவது, பாக்கி வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவது, பட்டமளிப்பு அங்கியை வாடகைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சேர்ப்பது. இதெல்லாம் செய்தால் அரை நாளைக்கு ஓர் ஆள், காலை 7 முதல் 12 வரை, வைக்கலாம். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் அது. ஒரு பெண்ணைப் பார்த்தும் வைத்திருக்கிறார். குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை என்பதற்கான முப்பதாம் படிவம் மட்டும் வர வேண்டும்.

விடுமுறைச் சம்பளம் பாதி தருகிறேன் என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, தேதி போட்டு, எங்கள் நால்வர் பெயரையும் சமையல்கார அக்கா பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.